ஈரல் இறுகும் முன்னே

திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் காலை ஏழு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறிவிடும். வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து வந்த நெடுநாள் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. ஐஸ் அறையிலிருந்து சூரை மீன்கள் கைமாறிக் கைமாறிக் கரைக்கு வருகின்றன. தராசடியில் ஒரே இரைச்சல். பக்கத்துக் கடையில் சீனி தூக்கலாய்ப் போட்ட பிளேன்ரீ, எண்ணெய் வடியும் ரோல்ஸ், மத்தியானத்துக்குக் கொத்து. இறக்கி முடிந்த கையோடு அரைப் போத்தல் சாராயத்தைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. அங்கே கொஞ்ச நேரம் நின்றால், படகுக்கு வராமல் போன யாரோ ஒருவரைப் பற்றிய பேச்சு காதில் விழும்: "அவருக்கு வயித்தில தண்ணி கட்டிட்டுது. ஈரல் போயிட்டாம். பெரியாஸ்பத்திரியில வச்சிருக்காங்க."

அந்தப் பேச்சுக்குள் இரண்டு தீர்ப்புகள் இருக்கின்றன. குடித்துத்தான் ஈரல் கெட்டது என்பது ஒன்று. இனி மீட்சியில்லை என்பது மற்றது. திருமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்கள் எல்லாவற்றிலும் இந்த இரண்டையும் கேட்கலாம். இரண்டுமே பாதிதான் சரி. சாராயத்தைக் கண்ணாலும் காணாதவர்களுக்கும் ஈரல் இறுகுகிறது. இறுகத் தொடங்கிய ஈரல் இளகவும் கூடும். அது எப்படி என்பதைக் கடந்த இருபது ஆண்டு ஆய்வுகள் மெல்ல மெல்லக் காட்டியிருக்கின்றன. அந்தக் கதையின் நடுவில் நிற்பவை, நம் நோயெதிர்ப்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத நுண்பொதிகள். எக்சோசோம் என்று அவற்றுக்குப் பெயர்.

வலை பொத்தும் கலங்கள்

ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஈரலுக்கு வரும் குருதியில் முக்கால் பங்கு நேரே குடலிலிருந்து வருகிறது. தின்றது, குடித்தது, மருந்தென்று விழுங்கியது, குடலில் வாழும் கிருமிகள் கசியவிட்ட நஞ்சு எல்லாமே முதலில் இங்கேதான் வந்து சேரும். அதனால்தான் உடம்பின் காவற்கலங்களில் பெரும்படையொன்று ஈரலிலேயே குடியிருக்கிறது. குப்பர் கலங்கள் எனப்படும் இந்த விழுங்கிகள் குருதிக் குழாய்களின் உட்சுவரில் அமர்ந்து, வரும் கழிவையும் கிருமியையும் பிடித்து விழுங்குகின்றன.

அவற்றுக்கு அருகிலேயே இன்னொரு வகைக் கலம் அமைதியாக இருக்கிறது. 1876இல் கார்ல் வொன் குப்பர் என்ற ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் விண்மீன் வடிவில் அதைக் கண்டார். நட்சத்திரக் கலம் என்றே பெயர் நிலைத்தது. அதன் உண்மையான அடையாளத்தை ஜப்பானியரான தோஷியோ வாக்கே 1971இல் நிறுவும்வரை ஏறத்தாழ நூறாண்டுக் குழப்பம் நீடித்தது. நலமான ஈரலில் இதன் வேலை விட்டமின் ஏயைச் சேமித்து வைப்பது. ஈரல் காயப்பட்டதும் இதன் குணம் மாறிவிடுகிறது. விட்டமினைக் கைவிட்டு, நார்ப்புரதமான கொலாஜனைச் சுரக்கத் தொடங்குகிறது.

கரையில் வலை பொத்துகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிழிந்த கண்ணை ஒருமுறை பொத்தினால் வலை பிழைக்கும். அதே இடம் திரும்பத் திரும்பக் கிழிந்து, திரும்பத் திரும்பப் பொத்தப்பட்டால் முடிச்சு மேல் முடிச்சு விழுந்து அந்த இடம் தடித்துப்போகும். தண்ணீர் ஊடே போகாது. தினமும் மதுவாலோ கொழுப்பாலோ வைரசாலோ காயப்படும் ஈரலில் நடப்பதும் அதுதான். நார்த்தழும்பு கூடிக்கூடிக் குருதி ஓட வழியில்லாமல் போகிறது. மருத்துவர்கள் இதைச் சுழியம் முதல் நான்கு வரை படியிட்டுச் சொல்வார்கள். நான்காம் படியே ஈரல் இறுக்கம், சிரோசிஸ். பின்னால் தேங்கும் குருதி அழுத்தம் ஏறி வயிற்றில் நீராகக் கசிகிறது. உணவுக் குழாயின் நாளங்கள் வீங்கி வெடித்தால் இரத்த வாந்தி வருகிறது. வடிகட்டப்படாத நஞ்சு மூளைக்கேறினால் மனிதர் தடுமாறுகிறார், ஆளையே அடையாளம் தெரியாமல் பேசுகிறார்.

மூட்டுவதும் அணைப்பதும்

நட்சத்திரக் கலத்துக்கு "பொத்து" என்று சொல்வது யார்? நெடுங்காலமாக விடை எளிதாக இருந்தது: காவற்கலங்கள் சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா போன்ற புரதச் சுரப்புகள். அது பிழையில்லை, ஆனால் முழு விடையும் இல்லை. அதே காவற்கலங்கள் சுரப்புகளோடு கூடவே எக்சோசோம்களையும் அனுப்புகின்றன. அவற்றுக்குள் புரதமும் கொழுப்பும் மட்டுமல்லாமல், இன்னொரு கலத்தின் மரபணுக்களை அடக்கவல்ல மைக்ரோ ஆர்.என்.ஏ. துணுக்குகளும் பயணம் செய்கின்றன. பெறுகிற கலம் பொதியை உள்வாங்கியதும் அதன் நடத்தையே மாறுகிறது.

[பெட்டிச் செய்தி]
எக்சோசோம்: சில விவரங்கள்
அளவு 30 முதல் 150 நனோமீற்றர். ஒரு தலைமயிரின் குறுக்கே ஏறத்தாழ ஆயிரத்தை வரிசையாக வைக்கலாம்.
1983இல் கனடாவில் ரோஸ் ஜோன்ஸ்டனின் குழுவும் அமெரிக்காவில் இன்னொரு குழுவும் முதிராத செங்குருதிக் கலங்களில் இவற்றைக் கண்டன. கலம் வெளியே தள்ளும் குப்பை என்றே அப்போது பலர் எண்ணினர்.
1996இல், நோயெதிர்ப்பு பி கலங்கள் விடும் எக்சோசோம்கள் பிற காவற்கலங்களைத் தூண்டவல்லவை என்பது வெளிவந்தது.
2007இல் சுவீடனின் கோதன்பர்க் நகர ஆய்வாளர்கள், எக்சோசோம்கள் ஆர்.என்.ஏ.வையும் சுமந்து செல்வதைக் காட்டினர்.
கலங்களுக்குள் பொதிப் போக்குவரத்து எப்படி நடக்கிறது என்ற ஆய்வுக்கு 2013இலும், மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்ததற்கு 2024இலும் நோபல் பரிசு கிடைத்தது.
[பெட்டி முடிவு]

மதுவின் கதையை எடுங்கள். குடல் சுவரை மது தளர்த்த, கிருமிகளின் நஞ்சு ஈரலுக்குள் கசிகிறது. குடி நனைத்த ஈரற்கலங்கள் எக்சோசோம்களை விடுகின்றன. அவற்றைப் பெற்ற மோனோசைட் என்ற வெண்குருதிக் கலங்கள் நஞ்சுக்கு மேலும் கூர்மையாகச் சினக்கின்றன என்று அமெரிக்காவில் கியோங்கி சாபோவின் குழு 2015இல் காட்டியது. மறு ஆண்டு அதே குழு இன்னொன்றையும் கண்டது. மதுவில் நனைந்த மோனோசைட்டுகளும் தம் பங்குக்குப் பொதிகளை விடுகின்றன. மதுவையே அறியாத புதிய மோனோசைட்டுகள் அவற்றைப் பெற்றதும் குணம் மாறுகின்றன. குடித்தவருடைய குருதியில் செய்தி பரவும் விதம் இது: குடியை நேரே காணாத கலமும் குடியின் தாக்கத்துக்குள் வந்துவிடுகிறது. அழற்சியூட்டப்பட்ட விழுங்கிகளின் எக்சோசோம்கள் நட்சத்திரக் கலங்களை நாருண்டாக்கத் தூண்டுவதும் ஆய்வுகூடத்தில் பார்க்கப்பட்டிருக்கிறது.

இனி மறுபக்கம். இந்த விடயத்தில் என் மனதைத் தொட்டது இதுதான். நியூட்ரோபில் என்ற வெண்குருதிக் கலம், காயத்துக்கு முதலில் ஓடி வந்து அழிவைக் கூட்டுவதாகப் பேரெடுத்தது. அதனிடமும் அதன் உறவுக் கலங்களிடமும் மிகுதியாக இருப்பது மைக்ரோ ஆர்.என்.ஏ. 223. இதை ஏற்றிய பொதிகள் ஈரற்கலங்களுக்குள் போய்ச் சேர்ந்தால் கொழுப்பீரலில் அழற்சியும் தழும்பும் குறைகின்றன என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களில் பின் காவோவின் குழு 2021இல் எலிகளில் காட்டியது. இயற்கைக் கொல்லிக் கலங்களின் எக்சோசோம்களும் நட்சத்திரக் கலங்களை அடக்கி, எலிகளின் ஈரல் தழும்பைக் குறைத்திருக்கின்றன. ஈரலழற்சி சி நோயாளரின் குருதியில் டி கலங்கள் உதிர்த்த, எக்சோசோமைவிடச் சற்றுப் பெரிய துணுக்குகள் சுற்றுவது 2011இலேயே தெரியவந்தது. அவை நட்சத்திரக் கலங்களோடு ஒட்டி, நாரைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்க வைத்தன. நாரை நெய்த அதே கலம், நாரை வெட்டவும் இறங்குகிறது.

ஆகவே தழும்பு என்பது ஒருமுறை விழுந்து கல்லாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு நாளும் அது போடப்படுகிறது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கரைக்கப்படுகிறது. எந்தப் பக்கம் சாயும் என்பது காயம் தொடர்கிறதா நிற்கிறதா என்பதைப் பொறுத்தது. எடின்பரோவில் ஆய்வாளர்கள் ஒருபடி மேலே போய், இறுகிய ஈரல் கொண்ட 9 பேரிடமிருந்து அவர்களுடைய வெண்குருதிக் கலங்களையே எடுத்து, விழுங்கிகளாக வளர்த்து, மீண்டும் ஏற்றிப் பார்த்தார்கள். 2019இல் வெளியான அந்த முதற்கட்டச் சோதனை, முறை பாதுகாப்பானது என்று காட்டியது. பாதை நீளம், ஆனால் திசை தெரிகிறது.

குடிக்காதவர் ஈரல்

"நான் குடிக்கிறதே இல்லையே" என்று கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு தாய் சொன்னால் அது உண்மை. நீரிழிவுக் கிளினிக்கில் வரிசையில் நிற்கும் அந்த அம்மாவின் ஸ்கான் துண்டில் "ஃபேட்டி லிவர்" என்று எழுதியிருந்தால் அதுவும் உண்மை. வெட்கப்பட்டு அந்தத் துண்டை ஒளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஊரார் என்ன நினைப்பார்களோ என்று கிளினிக்கையே விடுபவர்களும் இருக்கிறார்கள். இந்த வெட்கம் ஆட்களைக் கொல்கிறது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் ராகமையில் 2007இல் 35 முதல் 64 வயதுக்குட்பட்டோரிடம் நடத்திய ஆய்வில் 32.6 வீதத்தினருக்கு மதுவால் அல்லாத கொழுப்பீரல் இருந்தது. மூன்றில் ஒருவர். சென்னையில் வி. மோகனின் குழு 2009இல் சொன்ன எண்ணும் 32 வீதம். நகரத்தார் நோய் என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில், நாள் முழுக்க உடலால் உழைக்கும், வருமானம் குறைந்த மக்களிடையே பார்த்தபோது 18 வீதத்தினரிடம் அது இருந்தது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் கிராமங்களில் 2010இல் வெளியான ஆய்வில் கொழுப்பீரல் கொண்டவர்களில் நால்வரில் மூவர் மெலிந்தவர்கள் அல்லது நடுத்தர எடையினர். வலை இழுத்து முறுக்கேறிய உடம்பும், நடுவில் மட்டும் லேசாகத் தள்ளிய வயிறும் சேர்ந்திருந்தால் தெற்காசிய ஈரலுக்கு அது போதும்.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். துறைமுக நகரத்தில் பாணும் பணிசும் கொத்தும் சோடாவும் காலை, மாலை இரண்டு வேளையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. நாடு முழுவதும் வயதுவந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு என்று 2018, 2019 காலத்து இலங்கைச் சுகாதார, முதுமை ஆய்வு சொன்னது. கொழுப்பும் நீரிழிவும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. மேலே சாராயமோ கசிப்போ சேர்ந்தால் காயம் இரட்டிக்கிறது.

கொழும்புக்கு 260 கிலோமீற்றர்

இறுகிய ஈரலிலும் இரண்டு கட்டங்கள் உண்டு. வெளியே குறி காட்டாத முதற்கட்டத்தில் இருப்பவர்கள் சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள். வயிற்றில் நீர் கட்டிய பிறகு அல்லது இரத்த வாந்தி வந்த பிறகு அது ஏறத்தாழ இரண்டு ஆண்டாகச் சுருங்குகிறது. "ஈரல் போயிட்டாம்" என்ற பேச்சு கரையில் எழும்போது ஆள் பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தில் இருக்கிறார்.

அதன்பின் நடப்பது குடும்பத்தின் கதை. அல்புமின் ஏற்ற வேண்டும், வயிற்று நீரை ஊசியால் இறக்க வேண்டும், வீங்கிய நாளங்களைக் கட்டக் குழாய்க் கமரா விட வேண்டும். ஈரல் மாற்றம் பற்றிப் பேச வேண்டுமென்றால் ராகமைக்கோ கொழும்புக்கோ 260 கிலோமீற்றர் அளவில் பேருந்து. கூடப் போகிறவரின் நாட்கூலி போகிறது. ஈரலில் ஒரு பகுதியைத் தானம் செய்ய மனைவியோ மகனோ முன்வந்தால் அவரும் மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாது. படகுக் கடன் நிற்காது. பிள்ளைகளில் ஒருவர் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்கு இறங்குகிறார். மருத்துவப் பதிவேட்டில் ஒரு நோயாளி என்று எழுதப்படுகிற இடத்தில், வீட்டில் நான்கு பேர் வாழ்க்கை தடம் மாறுகிறது.

கீழ்க்காய்நெல்லியும் புதுப் பேர் ஊசியும்

செங்கமாரி என்றதும் கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரில் கொடுப்பது நம் வீடுகளில் கைவந்த மருத்துவம். அந்தக் கைப்பழக்கத்தை அறிவியல் அலட்சியம் செய்யவில்லை. ஈரலழற்சி பி வைரசைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பருக் புளூம்பெர்க், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜனோடு சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் இதைப் பற்றி எழுதினார். கீழ்க்காய்நெல்லி உட்கொண்ட வைரசுக் காவிகளில் 59 வீதத்தினரிடம் வைரசின் குறி மறைந்தது. வெற்று மருந்து உட்கொண்டோரில் 4 வீதம். ஆனால் பிற நாடுகளில் திரும்பச் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. திருகோணமலைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே சித்த மருத்துவம் கற்பிக்கப்படும் இந்த மாவட்டத்தில், ஒழுங்கான சோதனையை மறுபடி தொடங்க இதைவிடப் பொருத்தமான மண் எங்கே இருக்கிறது?

அதேவேளை, மூலிகை என்பதாலேயே தீங்கில்லை என்று நினைப்பது ஆபத்து. கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் குடித்தவர்களில் சிலருக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். ஏற்கெனவே தழும்புள்ள ஈரலுக்கு எந்தக் கசாயத்தையும் வைத்தியரிடம் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டியது எக்சோசோம் பற்றி. ஆய்வு வளர்கிற வேகத்தைக் காட்டி, "எக்சோசோம் சிகிச்சை" என்று ஊசியையும் சேலைனையும் விற்கும் நிலையங்கள் உலகின் பல நகரங்களில் முளைத்துவிட்டன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில் நோயாளர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு நேர்ந்ததைச் சுட்டிப் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. அந்த நிர்வாகம் அங்கீகரித்த எக்சோசோம் மருந்து எதுவும் இல்லை. எலியில் தழும்பைக் குறைத்த பொதியை மனிதருக்கேற்ற தூய்மையில், ஒரே தரத்தில், போதிய அளவில் செய்யும் முறை இன்னும் கைகூடவில்லை. ஒரு பக்கம் தழும்பை மூட்டும், மறுபக்கம் அணைக்கும் பொதிகளில் எதை ஏற்றுகிறார்கள் என்பதே தெரியாமல் ஏற்றுவது சூதாட்டம். நிலத்தை ஈடு வைத்து அதற்காகக் கடல் கடந்து போக வேண்டாம்.

கையில் இருக்கும் கருவி

எக்சோசோமைக் குருதியில் எண்ணித் தழும்பின் படியைச் சொல்லும் சோதனை ஒருநாள் வரலாம். அதுவரை, மாவட்ட வைத்தியசாலையில் சாதாரணமாகச் செய்யப்படும் மூன்று குருதிப் பரிசோதனைகளிலிருந்தே ஒரு நல்ல ஊகத்தைப் பெற முடியும்.

[பெட்டிச் செய்தி]
பிப்-4 கணக்கு
தேவையானவை: வயது, ஏ.எஸ்.ரி, ஏ.எல்.ரி (இரண்டும் ஈரல் நொதிகள்), பிளேட்லெட் எண்ணிக்கை.
வயதை ஏ.எஸ்.ரியால் பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை (ஆயிரத்தில்) ஏ.எல்.ரியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள்.
எடுத்துக்காட்டு: வயது 52, ஏ.எஸ்.ரி 48, ஏ.எல்.ரி 36, பிளேட்லெட் 2 இலட்சம். 52 × 48 = 2496. 200 × 6 = 1200. விடை 2.08.
1.3க்குக் கீழே: முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 2.67க்கு மேலே: முற்றிய தழும்புக்கு வாய்ப்பு அதிகம், ஈரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். இடைப்பட்டால் ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கான் போன்ற சோதனை தேவை.
65 வயதைத் தாண்டியோருக்குக் கீழ் எல்லை 2.0. 35க்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது.
[பெட்டி முடிவு]

2017இல் டெங்கு கிண்ணியாவை உலுக்கியபோது இந்த மாவட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை முதல் பாட்டி வரை "பிளேட்லெட்" என்ற சொல்லைக் கற்றுக்கொண்டார்கள். எண்ணிக்கையைக் கைத்தொலைபேசியில் குறித்து உறவினருக்கு அனுப்பினார்கள். அந்தப் பழக்கத்தையே ஈரலுக்கும் திருப்பலாம். நீரிழிவுக் கிளினிக் கொப்பியில் சீனி அளவுக்கும் பிரஷருக்கும் கோடு போட்ட பக்கத்தில் பிப்-4க்கும் ஒரு கோடு போட என்ன செலவு?

முன்னதாகத் தெரிந்தால் செய்ய நிறைய இருக்கிறது. கியூபாவில் 293 பேரை ஓராண்டு தொடர்ந்து பார்த்தார்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தவர்களில் 45 வீதத்தினரிடம் தழும்பு பின்வாங்கியிருந்தது. மதுவால் வந்த தழும்புக்கு முதல் மருந்து மதுவை விடுவதுதான், நான்காம் படியிலும்கூட. பிள்ளைகளுக்கு ஈரலழற்சி பி தடுப்பூசி 2003 முதல் இலங்கையின் வழமையான அட்டவணையில் இருக்கிறது; அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. சீனி போடாத கறுப்புக் கோப்பி தினமும் இரண்டு, மூன்று கோப்பை குடிப்பவர்களிடம் தழும்பு குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. கொழுப்பீரலில் வந்த தழும்புக்கு ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரைக்கு 2024 மார்ச்சிலும், செமக்ளூட்டைட் ஊசிக்கு 2025 ஆகஸ்டிலும் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இரண்டும் இரண்டாம், மூன்றாம் படித் தழும்புக்கே. ஈரல் முற்றாக இறுகிய பின் அவற்றுக்கும் அனுமதி இல்லை.

மாவட்டச் சுகாதார அதிகாரிகளிடம் ஒன்றைக் கேட்கிறோம்: ஒவ்வொரு நீரிழிவுக் கிளினிக்கிலும் 35 வயது கடந்த எல்லாருக்கும் ஆண்டுக்கொருமுறை இந்தக் கணக்கைப் போடுங்கள். மீன்பிடித் துறைமுகத்துக்கு மாதம் ஒருநாள் குருதி எடுக்கும் வண்டியை அனுப்புங்கள். படகு இறக்கிய களைப்போடு யாரும் நகருக்கு வந்து வரிசையில் நிற்க மாட்டார்கள்.

உங்களுக்கும் ஒரு சொல். நீரிழிவோ தள்ளிய வயிறோ தினக்குடியோ இவற்றில் ஒன்று உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இருந்தால், அடுத்த கிளினிக் நாளில் ஏ.எஸ்.ரி, ஏ.எல்.ரி, பிளேட்லெட் மூன்றையும் கேட்டு வாங்கி, மேலே உள்ள பெட்டியிலுள்ள கணக்கைப் போட்டுப் பாருங்கள். எண் 1.3ஐ, 65 வயதைத் தாண்டியவரென்றால் 2.0ஐ, தாண்டினால் அந்தத் துண்டோடு அதே வாரத்தில் வைத்தியரைப் பாருங்கள்.